கான்கிரீட் தரைக்கு உழைக்கிற பெயிண்ட் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு அறை, சாமான் அறை, பட்டறை, கார் நிறுத்துமிடம் என்று கூரைக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் தரைக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. தரைப் பெயிண்டின் ஆயுளில் பெரும்பங்கு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் தரையைப் பற்றிய பதில்கள் நீளமாகவும் பெயிண்டைப் பற்றிய சில பதில்கள் குட்டையாகவும் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

வண்டி ஏறும், கனமான சாமான்கள் இழுபடும், எண்ணெய் சிந்தும் என்றால் ரெசின் ஒரு டப்பாவிலும் ஹார்ட்னர் இன்னொரு டப்பாவிலும் வரும் டூ-பேக் எபாக்சி, அதன் மேல் ஒரு கோட் டூ-பேக் பாலியூரித்தேன். ஆட்கள் நடப்பது மட்டும்தான் என்றால் தண்ணீர் கலந்த டூ-பேக் எபாக்சி இரண்டு கோட் போதும். எப்போதாவது போய் வரும் சாமான் அறைக்கு அக்ரிலிக் தரைப் பெயிண்டே தாராளம். தரையில் ஓதம், அதாவது கீழிருந்து வரும் ஈரம், ஏறுகிறது என்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஓதத்தைக் கவனியுங்கள்.

சுவருக்கு அடித்ததில் மீதி இருக்கிறதே, அதை அடிக்கலாமா?

கூடாது. சுவர்ப் பெயிண்ட் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. செருப்புக் காலோடு நாலு வாரம் நடந்தாலே நடைபாதை தனியாகத் தெரியும்.

போன தடவை அடித்த பெயிண்ட் உரிந்துவிட்டது. பெயிண்ட் மட்டமா, வேலை மட்டமா?

உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிப்பக்கமே பதில் சொல்லும்.

அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய சிமெண்ட் ஏடு ஒட்டியிருந்தால் பெயிண்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பிடி விட்டது கான்கிரீட். தளம் போடும்போது அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாலோ, மேலே தேங்கிய தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாலோ சிமெண்ட் பால் மேலே வந்து பலமில்லாத ஒரு படலமாகக் காய்ந்துவிடும். பெயிண்ட் அந்தப் படலத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. படலம் கழன்றதும் பெயிண்டும் கூடவே வந்துவிட்டது.

அடிப்பக்கம் சுத்தமாக, பளபளவென்று இருந்தால் பெயிண்ட் தரையைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். தரை வழவழப்பாக இருந்திருக்கும், அல்லது எண்ணெய், மெழுகு, துளைகளை அடைக்கப் பூசிய பழைய சீலர், தளம் ஆறும்போது தெளித்த க்யூரிங் காம்பவுண்டு ஏதாவது இடையில் இருந்திருக்கும். செதிலின் அடியிலோ அது இருந்த இடத்திலோ வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், ஈரம் கசகசத்தால், கொப்புளத்துக்குள் தண்ணீர் இருந்தால் காரணம் ஓதம்தான்.

இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அதைவிட விலை கூடிய பெயிண்டை வாங்கி அடித்தால் அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி உரியும். விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தரையில் ஓதம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வீட்டிலேயே செய்யக்கூடியது பிளாஸ்டிக் தாள் சோதனை. சோதனை முறைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் டி 4263 என்ற தரநிலையில் இருப்பதும் இதுதான். சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கெட்டியான, தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். வெளிச்சுவர் ஓரம், குளியலறையை ஒட்டிய பக்கம், அறையின் நடு என்று பல இடங்களில் வையுங்கள். வெயில் நேரடியாக விழும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனை அன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். வறண்ட காலத்தில் பொட்டு ஈரம் காட்டாத தரை மழைக்காலத்தில் கசியலாம். ஆகவே தாள் ஈரமாக இருந்தால் அதை அப்படியே நம்பலாம். உலர்ந்திருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும். பெரிய பரப்பில் நிறையப் பணம் போட்டு எபாக்சி செய்வதாக இருந்தால் அளவு காட்டும் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் உலரும் தளமாக இருந்தால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே கருவியை வைத்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரப்பதத்தை அளப்பார்கள். எவ்வளவு வரை இருக்கலாம் என்பது அந்தந்தப் பெயிண்டின் தகவல் தாளில் இருக்கும்.

ஓதம் இருந்தால் கெட்டியான எபாக்சி அடித்து மூடிவிடலாமே?

பலர் செய்வது அதைத்தான், உரிவதும் அங்கேதான். கீழிருந்து வரும் ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லையென்றால் அது பூச்சுக்கு அடியில் சேரும். கூடவே கான்கிரீட்டில் இருக்கும் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து ஒட்டியிருக்கும் இடத்தை அரிக்கும். பூச்சு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு கொப்புளம் வரும்.

குழாய்க் கசிவு, வெளியே தண்ணீர் தேங்குவது, சுவரோரம் மண் மேடாக இருப்பது போன்ற காரணங்கள் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போடாமலே கட்டிவிட்டார்கள் என்றால், ஓதத்தைத் தடுப்பதற்கென்றே தயாராகும் எபாக்சி பிரைமர்கள் இருக்கின்றன. தரையை நன்றாக அரைத்துவிட்டுத் தகவல் தாளில் சொன்ன கனத்துக்கு அதைப் போட வேண்டும். அதுவும் முடியாது என்றால் பெயிண்டையே விட்டுவிட்டு, தரைக்குள் ஊறிக் கெட்டிப்படுத்தும் சிலிகேட் திரவம் போடலாம். அது படலமாக நிற்பதில்லை, அதனால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. தூசியும் அடங்கும். நிறம் கிடைக்காது, அவ்வளவுதான்.

புதுத் தளம் போட்டு எத்தனை நாள் கழித்து அடிக்கலாம்?

28 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கான்கிரீட் தன் பலத்தை அடைவதற்கான கணக்கு. உலர்வது வேறு கணக்கு. நல்ல காற்றோட்டத்தில் 25 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்பது பழக்கத்தில் உள்ள தோராயம். அப்படிப் பார்த்தால் 100 மில்லிமீட்டர் தளம் உலர நாலு மாதம் ஆகலாம். 28 நாளைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் மேலே சொன்ன சோதனை என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள்.

தரையைத் தயார் செய்வது என்றால் கூட்டித் துடைப்பதா?

அது கடைசி வேலை. முதலில் எண்ணெய்க் கறையைக் கறைநீக்கி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிடோ அரைப்பதோ எண்ணெயை எடுக்காது. அரைக்கும் மெஷின் எண்ணெயை இன்னும் பரப்பிவிடவும் கூடும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. தரையில் அங்கங்கே நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுக் குனிந்து பாருங்கள். சொட்டு பரவி, தரை கறுத்து, ஓரிரு நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டால் பெயிண்டும் அப்படியே இறங்கும். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே அறையில் நடுவில் இழுத்துக்கொள்ளும், ஓரத்தில் உருண்டு நிற்கும். அந்த ஓரம்தான் பின்னால் உரியப்போகிற இடம்.

தளத்தை இழைக்கும் பவர் டிரோவல் மெஷின் ஓட்டி வழவழவென்று இழைத்த தளமாக இருந்தால் பெயிண்டுக்குப் பிடி கிடைக்காது. விரலால் தடவினால் 80 முதல் 120 நம்பர் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்க வேண்டும். சர்வதேச கான்கிரீட் ரிப்பேர் இன்ஸ்டிட்யூட் இந்தச் சொரசொரப்புக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்து, தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித் தகடுகளும் வைத்திருக்கிறது. மெல்லிய பெயிண்டுக்கு 1 முதல் 3 வரை போதும். கனமான எபாக்சிக்கு 3-க்கு மேல் வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதா?

என் கருத்து, வீட்டுக்குள் ஆசிட் வேண்டாம். டைமண்ட் சக்கரம் வைத்த கிரைண்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து, தூசி உறிஞ்சியோடு ஓட்டுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கான்கிரீட்டோடு சேரும்போது கால்சியம் குளோரைடு உண்டாகிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் உப்பு. நன்றாக அலசவில்லையென்றால் அது துளைகளிலேயே தங்கிவிடும். அலசுவதற்கோ ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். உலர வைக்க நாம் காத்திருந்த தரையை நாமே நனைக்கிறோம். ஆசிடின் ஆவி மூடிய அறையில் மூச்சை அடைக்கும், பக்கத்திலிருக்கும் இரும்புச் சாமான்களைத் துருப்பிடிக்க வைக்கும். சீலர் படிந்த இடத்தில் ஆசிட் வேலையே செய்யாது. அரைத்தால் பலமில்லாத சிமெண்ட் ஏடும் சேர்ந்து போய்விடும்.

வேறு வழியில்லாமல் ஆசிட்தான் என்றால் தண்ணீரில் ஆசிடை ஊற்றுங்கள், ஆசிடில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். முடிந்ததும் சமையல் சோடாக் கரைசலால் மிஞ்சிய ஆசிடை முறித்து, பல தடவை அலசி, பல நாள் காயவிடுங்கள்.

பழைய பெயிண்ட் மேலேயே அடிக்கலாமா?

பழையது உறுதியாகப் பிடித்திருந்தால் அடிக்கலாம். கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். துண்டு துண்டாக வந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும். வரவில்லை என்றால் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் போட்டுவிட்டு அடிக்கலாம். கடுமையான கரைப்பான் உள்ள பெயிண்டு பழைய அக்ரிலிக்கைச் சுருட்டிவிடும், அதனால் மூலையில் சின்னதாக அடித்துப் பாருங்கள். ரொம்பப் பழைய பெயிண்டாக இருந்தால் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் தேய்க்க வேண்டாம். பழைய வினைல் டைல்ஸ், அதன் அடியில் இருக்கும் கறுப்புப் பசை இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதையும் சோதித்துப் பார்க்காமல் அரைக்கக் கூடாது.

எபாக்சி, அக்ரிலிக், பாலியூரித்தேன்… என்ன வித்தியாசம்?

அக்ரிலிக் தரைப் பெயிண்டில் தண்ணீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிறது. அடிப்பது சுலபம், வாடை குறைவு, ஓரளவு ஈரம் வெளியேறவும் இடம் தரும். தேய்மானம் அதிகமுள்ள இடத்தில் சீக்கிரம் போய்விடும். சூடான டயர் நின்றால் ஒட்டிக்கொண்டு வரும்.

எண்ணெய் அடிப்படையிலான பழைய பாணி எனாமலைக் கான்கிரீட்டில் நேரடியாக அடிப்பதை நான் சொல்லமாட்டேன். கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் சோப்பாக மாறி, படலம் கொழகொழத்துக் கழன்றுவிடும்.

டூ-பேக் எபாக்சி உலர்வதில்லை, ரெசினும் ஹார்ட்னரும் வேதிவினை புரிந்து இறுகுகிறது. கான்கிரீட்டை இதுபோலப் பிடிக்கிற பெயிண்ட் குறைவு. இதிலேயே மூன்று ரகம் உண்டு. தண்ணீர் கலந்தது மெல்லிய படலம் தரும், வீட்டுக்கு வசதி. கரைப்பான் கலந்தது நன்றாக ஊறும், ஆனால் வாடையும் தீப்பற்றும் அபாயமும் உண்டு. 100 சதவீதத் திண்மம் கொண்டதில் ஆவியாக எதுவும் இல்லாததால் அடித்த கனம் அப்படியே நிற்கும். உழைப்பில் இதுதான் முதல், ஆனால் சீக்கிரம் இறுகுவதால் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிரமம்.

எபாக்சியின் குறை இரண்டு. வெயில் பட்டால் மஞ்சளிக்கும். மேற்பரப்பில் கீறல் சுலபமாக விழும். அந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் மேலே அலிபாட்டிக் வகைப் பாலியூரித்தேன். அது மெல்லிய கோட்தான், ஆனால் கீறலையும் வெளிச்சத்தையும் தாங்கும். பாலிஅஸ்பார்டிக் என்பதும் அதே குடும்பம். சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். வெந்நீரும் ஆவியும் கொட்டும் பெரிய சமையற்கூடத் தரைக்கு இவை எதுவும் சரிவராது. அங்கே பாலியூரித்தேன் சிமெண்ட் தளம்தான் போடுவார்கள்.

ஒரே டப்பாவில் "எபாக்சி" என்று போட்டு விற்கிறார்களே?

அது பெரும்பாலும் கொஞ்சம் எபாக்சி சேர்த்த அக்ரிலிக். மோசமில்லை, சாதா அக்ரிலிக்கைவிடக் கொஞ்சம் உறுதி. ஆனால் டூ-பேக் எபாக்சியின் உழைப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கலக்க ஹார்ட்னர் இல்லையென்றால் அந்த வேதிவினையும் இல்லை.

எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

டப்பாவில் "கனஅளவில் திண்மம்" எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய உலர்ந்த கனத்தை மைக்ரானில் எடுத்து வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று கிடைக்கும். 100 சதவீதத் திண்மம், 250 மைக்ரான் கனம் என்றால் லிட்டருக்கு 4 சதுர மீட்டர். 50 சதவீதம், 75 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 6.7. சொரசொரப்பான தரை கூடக் குடிக்கும், ரோலரிலும் வாளியிலும் கொஞ்சம் தங்கும். 10 முதல் 20 சதவீதம் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு பெயிண்ட்களின் விலையை ஒப்பிடும்போதும் இந்தக் கணக்குதான் உதவும். பாதி தண்ணீராகப் போகிற லிட்டரையும் முழுதாகத் தரையில் நிற்கிற லிட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

கலக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அளவை. கண் திட்டத்தில் பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள். ஹார்ட்னர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது தப்பு; மிஞ்சிய ஹார்ட்னர் வினை புரியாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். மெதுவாகச் சுழலும் மெஷினில் வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னொரு தடவை கலக்குங்கள். முதல் வாளியின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருக்கும் ரெசினை ஊற்றிய இடம்தான் கடைசிவரை காயாத திட்டாக நிற்கும்.

100 சதவீத எபாக்சியைக் கலந்ததும் வாளியோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வினையில் வெப்பம் உண்டாகிறது. வாளியில் குவியலாக இருக்கும்போது அந்த வெப்பம் வெளியேற முடியாமல் வினையை இன்னும் விரட்டும். வாளியைத் தொட்டால் சுடும், கொஞ்ச நேரத்தில் புகையும், அப்படியே கல்லாகிவிடும். கலந்த உடனே நீளப் பட்டையாகத் தரையில் ஊற்றிப் பரப்பிவிட்டால் நேரம் கிடைக்கும்.

தண்ணீர் கலந்த எபாக்சியில் சங்கதி தலைகீழ். பல ரகங்களில் கலந்ததை அடித்து முடிக்க வேண்டிய நேரம் கடந்த பிறகும் வாளியில் இளகியே இருக்கும், பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஆனால் அப்போது அடித்தால் பிடிக்காது, பளபளப்பும் வராது. அதற்குக் கடிகாரம் ஒன்றுதான் வழி.

எந்த நேரத்தில் அடிப்பது நல்லது?

தரை குளிரத் தொடங்கும் நேரத்தில், அதாவது சாயங்காலம். காலையில் தரை சூடேறும்போது கான்கிரீட் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். பூச்சில் குமிழும் ஊசித்துளையுமாக விழும். தரையின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கட்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

முதல் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எத்தனை மணி இடைவெளி என்று டப்பாவில் இருக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள். அது தாண்டிவிட்டால் உப்புத்தாள் போடாமல் அடுத்த கோட் அடிக்க வேண்டாம். மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிவிட்டு அடியுங்கள்.

விரிசலை எப்படி அடைப்பது?

அசையாத விரிசலை அகலப்படுத்திச் சுத்தம் செய்து எபாக்சிப் பூச்சால் அடைக்கலாம். தளத்தில் வேண்டுமென்றே வெட்டி விட்டிருக்கும் இணைப்புக் கோடுகளைக் கெட்டியான எதையும் வைத்து அடைக்காதீர்கள். தளம் அசையும் இடம் அது. வளைந்துகொடுக்கும் சீலன்ட் போடுங்கள்.

வழுக்குமா?

காய்ந்திருக்கும்போது அவ்வளவாக இல்லை. நனைந்தால் நிச்சயம் வழுக்கும். கடைசிக் கோட்டில் அலுமினியம் ஆக்சைடோ நுண்ணிய குவார்ட்ஸ் மணலோ பாலிமர் துகளோ சேர்க்க வேண்டும். வாசல், சரிவு, தண்ணீர் புழங்கும் இடம், வயதானவர்கள் நடக்கும் இடம் இவற்றில் இதை விடவே கூடாது. பெருக்கித் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் சிரமம்தான், ஆனாலும் வேண்டும்.

எப்போது நடக்கலாம், எப்போது வண்டி ஏற்றலாம்?

பொதுவாக 24 மணி நேரத்தில் செருப்பில்லாமல் நடக்கலாம், மூன்று நாளில் சாமான் வைக்கலாம், ஏழு நாள் ஆன பிறகு வண்டி. குளிராக இருந்தால் இன்னும் கூடும். தொட்டால் காய்ந்திருக்கிறது என்பதை வைத்து அவசரப்பட வேண்டாம். எண்ணெயையும் ரசாயனத்தையும் தாங்கும் பலம் கடைசியில்தான் வரும்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

கான்கிரீட்டை அரைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசிதான் முதல் ஆபத்து. நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொள்வது போதாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் துகள் வடிகட்டி மாஸ்க்கும் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியும் வேண்டும்.

எபாக்சி தோலில் பட்டால் அலர்ஜி வரக்கூடும். ஒரு தடவை வந்தால் அப்புறம் துளி பட்டாலும் வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கரைப்பானால் கையைக் கழுவாதீர்கள். டூ-பேக் பாலியூரித்தேனின் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையில் கையே வைக்கக் கூடாது.

அடித்த பிறகு எப்படிப் பராமரிப்பது? மறுபடி எப்போது அடிக்க வேண்டும்?

தரையைக் கெடுப்பது பெரும்பாலும் செருப்பில் வரும் மணல்தான். வாசலில் மிதியடி போட்டு, தினமும் பெருக்கினாலே பாதி வேலை முடிந்தது. காரமோ அமிலமோ இல்லாத நடுநிலை சோப்பு போதும். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். அடிப்பக்கம் ரப்பர் உள்ள விரிப்பு சில பெயிண்ட்களில் கறையை விட்டுவிடும்.

மேல் கோட்டின் பளபளப்பு நடக்கும் வழியில் மங்கத் தொடங்கும்போதே லேசாக உப்புத்தாள் போட்டு, தூசி எடுத்து, இன்னொரு கோட் பாலியூரித்தேன் அடித்துவிடுங்கள். கான்கிரீட் வெளியே தெரியும்வரை விட்டால் அந்த இடத்தில் எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் முதலிலிருந்து அரைக்க வேண்டியதுதான். மீந்த ரெசினும் ஹார்ட்னரும் இருந்தால் டப்பா மேலே பேட்ச் நம்பரை எழுதி மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஓரிடத்தில் சாமான் விழுந்து பெயர்ந்தால் அதே நிறம் கையில் இருக்கும்.